பார்க் ஸ்டேஷன் இருக்கு... பார்க் எங்கே?
சென்னை நடுவே 116 ஏக்கர் பூங்கா கரைந்த கதை

சென்ட்ரலுக்கு எதிரே உள்ள ரெயில் நிலையத்தின் பெயர் "சென்னை பூங்கா". பறக்கும் ரெயிலில் வந்தால் "பூங்கா நகர்". தபாலில் எழுதினால் "பார்க் டவுன், சென்னை-3". இத்தனை இடத்தில் பூங்கா இருக்கிறதே என்று இறங்கிப் பார்த்தால், உட்கார ஒரு மரத்தடி கிடைக்காது.

ஊருக்குப் புதுசாக வருகிறவர்கள் கேட்டால், "அது சும்மா பேருங்க" என்று சொல்லிவிட்டு நம்ம ஆட்கள் நடையைக் கட்டிவிடுவார்கள்.

சும்மா வந்த பேரல்ல அது. அங்கே நிஜமாகவே ஒரு பூங்கா இருந்தது. அதன் பரப்பு 116 ஏக்கர். கிரவுண்டு கணக்கில் சொன்னால் 2,100-க்கும் மேல்! இன்றைக்கு சென்ட்ரல் பக்கம் ஒரு கிரவுண்டு என்ன விலை என்று தெரிந்தவர்கள் பெருக்கிப் பார்த்துக்கொள்ளலாம்.

வேலை போன கவர்னர்

1859-ல் சென்னைக்கு கவர்னராக வந்தவர் சர் சார்லஸ் டிரெவிலியன். கருப்பர் நகரத்தில் ஜனங்கள் நெருக்கியடித்து வாழ்ந்த காலம் அது. அவர்கள் காற்று வாங்க ஊருக்கு வெளியே ஒரு பெரிய தோட்டம் வேண்டும் என்று அவர் நினைத்தார். வெள்ளைக்காரர்களுக்கு மட்டும் என்றில்லாமல் எல்லாருக்கும் பொதுவாக அது இருக்கட்டும் என்று "பீப்பிள்ஸ் பார்க்", அதாவது மக்கள் பூங்கா என்று பெயர் வந்தது.

பாவம், மனுஷன் அதிக நாள் இங்கே இருக்கவில்லை. இந்தியாவில் வருமான வரி போடக்கூடாது என்று எதிர்த்து எழுதினார். எழுதியதோடு நிற்காமல் பத்திரிகையிலும் வெளியிட்டுவிட்டார். 1860-லேயே மேலிடம் அவரைத் திருப்பி அழைத்துக்கொண்டது. சம்பளத்தில் வரி பிடிக்கும்போதெல்லாம் குமாஸ்தாக்கள் இவரை ஒரு தடவை நினைத்துக்கொள்ளலாம்!

உள்ளே என்ன இருந்தது?

தெற்கே பூந்தமல்லி நெடுஞ்சாலை. மேற்கே சைடன்ஹாம்ஸ் ரோடு, அதாவது இப்போதைய ராஜா முத்தையா சாலை. கிழக்கே ரெயில் பாதைப் பக்கம். இதற்கு நடுவில்தான் பூங்கா விரிந்து கிடந்தது. உள்ளே 11 குளங்கள். வளைந்து வளைந்து போன பாதைகளின் நீளம் ஐந்தரை மைல், ஏறக்குறைய 9 கிலோமீட்டர். சாரட்டு வண்டியில் சுற்றி வரலாம். பாண்டு வாசிக்க மேடை, குளிக்க நீச்சல் குளம், விளையாட டென்னிஸ் மைதானம் என்று எல்லாம் இருந்தன.

ஜனங்களை இழுத்தது மிருகக்காட்சிசாலைதான். எழும்பூர் மியூசியத்தில் எட்வர்டு பால்பர் 1855-ல் ஆரம்பித்தது அது. 1860-களில் பூங்காவுக்கு மாறியது. பட்டணத்துப் பாஷையில் இதற்கு "உயிர் காலேஜ்" என்று பெயர். பாடம் பண்ணிய உடல்கள் இருந்த மியூசியம் "செத்த காலேஜ்". வெளியூரிலிருந்து வந்தால் இரண்டு காலேஜையும் பார்க்காமல் ஊர் திரும்ப மாட்டார்கள்.

தீயில் கருகிய வருஷக் கடைசி

வருஷா வருஷம் டிசம்பர் கடைசியில் பூங்காவில் பொருட்காட்சி நடக்கும். 1886 டிசம்பர் 31. கீற்றுக் கொட்டகைகளில் தீப்பிடித்தது. கூட்டம் வாசலை நோக்கி ஓடியது. நெரிசலில் வெளியே வர முடியவில்லை. வேடிக்கை பார்க்க வந்தவர்களில் 300-க்கும் மேற்பட்டோர் கருகியும் மிதிபட்டும் செத்துப்போனார்கள். புது வருஷம் பிணங்களோடு பிறந்தது. சென்னை நகரம் கண்ட கோரமான தீ விபத்துகளில் இது ஒன்று.

துண்டு துண்டாக...

அவ்வளவு பெரிய தீயிலும் பூங்கா அழியவில்லை. அதைக் கரைத்தது கட்டிடங்கள்.

நகரத்துக்கு ஒரு டவுன் ஹால் வேண்டும் என்றார்கள். பூங்காவில் 57 கிரவுண்டு 99 வருஷக் குத்தகைக்குப் போனது. அங்கே எழும்பியதுதான் விக்டோரியா பப்ளிக் ஹால். 1897-ல் விவேகானந்தர் பேசியதும், பம்மல் சம்பந்த முதலியாரின் நாடகங்கள் நடந்ததும் இங்கேதான்.

அடுத்து மார்க்கெட். கார்ப்பரேஷன் தலைவராக இருந்த சர் ஜார்ஜ் மூர் 1898-ல் அடிக்கல் நாட்ட, 1900-ல் மூர் மார்க்கெட் திறந்தார்கள். கிளிக்குஞ்சு முதல் பழைய புஸ்தகம் வரை கிடைக்கும் இடம்.

அப்புறம் பூங்காவைப் பராமரித்த கார்ப்பரேஷனுக்கே ஆபீஸ் வேண்டியிருந்தது. 1913-ல் வெள்ளை வெளேர் என்று ரிப்பன் மாளிகை எழும்பியது. வேலியே பயிரை மேய்ந்தது என்று சொல்லிவிடலாம். ஆனால் இதில் ஒன்றைக்கூட யாரும் திருட்டுத்தனமாகக் கட்டவில்லை. எல்லாமே பொதுக் காரியம். எல்லாவற்றிலும் முறைப்படி கையெழுத்து. அதனாலேயே தடுக்க ஆளில்லை.

விளையாட்டுக்கும் ஒரு பங்கு போயிற்று. கார்ப்பரேஷன் ஸ்டேடியம் வந்தது, பிறகு அதுவே நேரு ஸ்டேடியம் ஆனது. 1956 ஜனவரியில் நியூசிலாந்துக்கு எதிராக வினு மன்கட்டும் பங்கஜ் ராயும் முதல் விக்கெட்டுக்கு 413 ரன் குவித்தது இந்த மண்ணில்தான். 52 வருஷம் அசையாத உலக சாதனை!

1985

அந்த ஒரு வருஷத்தில் இரண்டு அடி. மே 30-ந் தேதி மூர் மார்க்கெட் எரிந்தது. ஜூலையில் வண்டலூரில் புது மிருகக்காட்சிசாலையைத் திறந்தார்கள். பூங்காவின் உயிர் காலேஜ் பழங்கதை ஆயிற்று.

மார்க்கெட் இருந்த இடத்தில் ரெயில்வே கட்டிடம் வந்தது. புறநகர் மின்சார ரெயில் நிலையத்துக்கு இன்றும் "மூர் மார்க்கெட் காம்ப்ளக்ஸ்" என்றுதான் பெயர். கடை இழந்த வியாபாரிகளை அல்லிக்குளம் வணிக வளாகத்தில் குடியேற்றினார்கள். அல்லி எங்கே, குளம் எங்கே என்று கேட்காதீர்கள். பூங்காவின் குளங்களில் அல்லி பூத்த குளம் அது! அதே அல்லிக்குளத்தில் பிறகு கோர்ட்டும் வந்தது. வாய்தாவுக்காகப் படியேறுகிறவர்களில் எத்தனை பேருக்குத் தெரியும், தாங்கள் நிற்பது ஒரு குளத்தின் மேல் என்று?

இன்னும் எஞ்சி இருப்பது, நேரு ஸ்டேடியத்துக்குப் பக்கத்தில் பெரியமேட்டில் ஒரு துண்டு. மை லேடீஸ் பூங்கா என்று பெயர். ஒரு காலத்தில் மலர்க் கண்காட்சிக்குப் பேர்போன இடம். சென்ட்ரலில் இறங்கி, விக்டோரியா ஹாலையும் ரிப்பன் மாளிகையையும் தாண்டி வலது கைப்பக்கம் திரும்பி நடந்தால் வரும். ஆபீஸ் விட்டுப் போகிற வழியில் கால் மணி நேரம் இருந்தால் எட்டிப் பார்க்கலாம்.