கறுத்த மலமும் கடை மாத்திரையும்

குளத்தூர் முதலிய கரிசல் கிராமங்களில், பருத்திக்காட்டு வேலை முடிந்ததும் இடுப்பு வலிக்கென்று கடையில் மாத்திரை வாங்கி வெறும் வயிற்றில் விழுங்குவோர் அநேகர். சில நாளில் மலம் தார்போல் கறுத்தால், 'சூடு' என்று மோர் குடித்துவிட்டுச் சும்மா இருக்கிறார்கள். இரைப்பையில் கசிந்த உதிரமே குடல் வழியே வருகையில் அவ்விதம் கறுக்கிறது என்பதை அவர்களுக்குச் சொல்வாரில்லை.

ஆஸ்பிரின், டைக்ளோபினாக் போன்றவை இரைப்பையின் காப்புப் படலத்தை நலிவிக்கின்றன. அதன் சொந்த அமிலமே அதை அரித்துப் புண்ணாக்குகிறது. ஆஸ்பிரினோ உதிரம் உறைவதையும் தடுக்கும்.

நம்மவர் பழி சுமத்துவது மிளகாய்மீது. பாவம், மிளகாய்! மாத்திரையோடு சேர்ந்த மற்றொரு குற்றவாளி ஹெலிகோபாக்டர் பைலோரி என்னும் கிருமி. ஆஸ்திரேலிய வைத்தியர் மார்ஷல் 1984-ல் அக்கிருமியைத் தாமே குடித்து, இரைப்பை அழற்சியை வரவழைத்துக் காட்டினார்! அவருக்கும் வாரனுக்கும் 2005-ல் நோபல் பரிசு கிடைத்தது. இன்று இரண்டு வார மருந்திலேயே இக்கிருமியைப் பெரும்பாலும் ஒழித்துவிடலாம்.

குடியாலோ காமாலைக் கிருமியாலோ ஈரல் சுருங்கினவர்களின் நிலை இதனினும் பயங்கரம். உணவுக்குழாயின் அடியில் புடைத்த சிரைகள் வெடித்து, செந்நிற உதிரம் வாயால் கொட்டும். ஓயாத வாந்தியால் ஏற்படும் கீறலும், புற்றுநோயும் வேறு காரணங்கள்.

இரும்புச் சத்து மாத்திரையாலும் மலம் கறுக்கும். ஆனால் பிசுபிசுப்பும் துர்நாற்றமும் தலைசுற்றலும் சேர்ந்தால், அன்றே கோவில்பட்டி அரசு ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். விழுங்கிய மாத்திரை அட்டையையும் கையோடு எடுத்துச் செல்லுங்கள். வைத்தியருக்கு அது பாதித் தகவல்.