ஹன்டிங்டன் நோயை வீட்டிலிருந்தே கண்காணிப்பது ஏன்? எப்படி?

பெற்றோரில் ஒருவருக்கு, நரம்பணுக்களைச் சிதைக்கும் ஹன்டிங்டன் நோய் இருந்தால், ஒவ்வொரு பிள்ளைக்கும் அது வர 50 சதவீத வாய்ப்பு உண்டு. வெனிசுவேலாவின் மரக்கைபோ ஏரிக்கரைக் குடும்பங்கள் தந்த ரத்தத்தின் உதவியால், அதற்குக் காரணமான மரபணு 1993இல் பிடிபட்டது. அதில் சிஏஜி என்ற மூன்றெழுத்து 40 முறையோ அதற்கு மேலோ தொடர்ந்து வந்தால், வழக்கமான ஆயுளுக்குள் நோய் வந்தே தீரும். எப்போது என்பதை மட்டும் மரபணுச் சோதனை சொல்லாது.

அதற்குத்தான் உயிர்க்குறிகள், அதாவது நோயின் நிலையைக் காட்டும் அளவீடுகள். நரம்பணு சிதையும்போது அதன் உட்சட்டமான நியூரோஃபிலமென்ட் புரதம் தண்டுவட நீரிலும் ரத்தத்திலும் கசிகிறது. அறிகுறிகள் தெரிவதற்குப் பல ஆண்டுகள் முன்பே அதன் அளவு ஏறிவிடும். வேறு நரம்பு நோய்களிலும் ஏறும் என்பதால், அது மட்டும் போதாது.

உடல் அசைவுகளையும் அளக்க வேண்டும். ஆனால் ஆஸ்பத்திரிப் பதற்றத்தில் இந்நோயின் துள்ளல் அசைவுகள் கூடிவிடும். அங்கே நடக்கும் அரைமணி நேரப் பரிசோதனையை மட்டும் வைத்து நோயை எடைபோடுவது நியாயமில்லை. வீட்டில், கைபேசித் திரையை ஒரே சீராக விரலால் தட்டச் சொல்கிறது கண்காணிப்புச் செயலி. தட்டுக்கும் தட்டுக்கும் உள்ள இடைவெளி ஏறி இறங்கினால், அது முக்கியமான தடயம். கைக்கடிகார உணரி நடையைப் பதிவுசெய்கிறது.

மரபணுச் சோதனைக்கு முன் மரபியல் ஆலோசகரிடம் பேசுங்கள். தெரிந்துகொள்ளாமலே இருந்துவிடவும் உங்களுக்கு உரிமை உண்டு.