சிறு தபால்வழி வியாபாரமும் இணையக் கொடுப்பனவுச் சேவையும்

தபால் மூலம் பொருள் விற்பது புதிய முறையன்று. முன்னர் வாடிக்கையாளர் காசுக் கட்டளை அனுப்புவார். அது கைக்குக் கிடைத்த பின்னர் வியாபாரி பொதியை அஞ்சலிடுவார். இன்று கட்டளை இணையத்தளத்தின் ஊடாக வருகின்றது. பணமும் கடனட்டை அல்லது வரவட்டை மூலம் அவ்வழியே வருகின்றது. எனினும் அட்டைப் பணம் வியாபாரியிடம் நேரே வந்து சேர்வதில்லை. இடையில் ஒரு கொடுப்பனவுச் சேவை நிறுவனம் உண்டு. அதனைத் தெரிவுசெய்யும்போது விளம்பரத்தில் பெரிய எழுத்தில் உள்ள தரகு வீதத்தை மட்டும் பார்ப்போர் பலர். அது ஏன் போதாது என்பதை ஓர் உதாரணத்தின் மூலம் விளங்கிக்கொள்வோம்.

யாழ்ப்பாணத்தில் பனங்கட்டி, ஒடியல் மா, பினாட்டு என்பவற்றை வீட்டிலிருந்தே பொதிசெய்து தபாலில் விற்கும் ஒரு பெண்ணைக் கருதுக. மாதம் 60 கட்டளைகள் கிடைக்கின்றன. ஒரு கட்டளையின் சராசரிப் பெறுமதி ரூபா 1,500. எனவே மாத விற்பனை ரூபா 90,000 ஆகும்.

வாடிக்கையாளர் அட்டை விபரத்தை இட்டதும் அது சேவை நிறுவனத்தின் ஊடாக வியாபாரி சார்பில் பணம் ஏற்கும் வங்கிக்கும், விசா அல்லது மாஸ்ரர்காட் வலையமைப்பின் வழியே அட்டையை வழங்கிய வங்கிக்கும் செல்கின்றது. அவ்வங்கி சில செக்கன்களில் அனுமதி அளிக்கும். அனுமதி கிடைப்பது வேறு, பணம் கிடைப்பது வேறு என்பதை அவதானிக்க. பணம் சில நாட்களின் பின்னரே தரகு கழிக்கப்பட்டு வியாபாரியின் கணக்கில் சேரும்.

கிரயத்தைக் கணித்தல்

இரு சேவை நிறுவனங்கள் உள்ளன எனக் கொள்வோம். ‘அ’ நிறுவனம் மாதக் கட்டணம் அறவிடுவதில்லை, விற்பனையில் 3.5% தரகு எடுக்கும். ‘ஆ’ நிறுவனம் 2.5% மட்டுமே எடுக்கும். ஆனால் மாதக் கட்டணம் ரூபா 2,000. பார்த்த மாத்திரத்தில் ‘ஆ’ மலிவாகத் தோன்றும். கணித்துப் பாருங்கள். ‘அ’ இற்குச் செலுத்த வேண்டியது ரூபா 3,150. ‘ஆ’ இற்கு 2,250 + 2,000 = ரூபா 4,250. இப்பெண்ணுக்கு ‘அ’ நிறுவனமே மாதம் ரூபா 1,100 இலாபமானது. விற்பனை ரூபா 200,000 ஆகும்போது இரண்டும் சமமாகும். அதற்கு மேலேதான் ‘ஆ’ மலிவு. ஆகவே எது மலிவு என்பதை நிறுவனத்தின் வீதம் மட்டுமன்றி வியாபாரியின் விற்பனை அளவும் தீர்மானிக்கின்றது.

சில நிறுவனங்கள் வீதத்துடன் ஒவ்வொரு கட்டளைக்கும் ஒரு நிலையான தொகையையும் சேர்த்து அறவிடும். ஐக்கிய அமெரிக்காவில் பேபால் நிறுவனத்தின் வழக்கமான கட்டணம் 2021 ஓகஸ்ட் வரை 2.9% உடன் 30 சதமாக இருந்தது. 50 டொலர் பொருளுக்கு இது 1.75 டொலர், அதாவது 3.5%. ஆனால் 5 டொலர் பொருளுக்கு ஏறக்குறைய 45 சதம். அது 9% அளவாகும்! 2021 ஓகஸ்டில் பேபால் கணக்கினூடான கொடுப்பனவுக்கு இது 3.49% உடன் 49 சதமாக உயர்ந்தபோது 5 டொலர் பொருளுக்கு 13% இற்கும் மேலாயிற்று. சிறிய விலைப் பொருள் விற்பவருக்கே நிலையான தொகை பாரமாகின்றது. ஒரு பைக்கற் ஒடியல் மாவைத் தனியே விற்பதா, மூன்றை ஒரு பொதியாக விற்பதா என்ற கேள்வியும் இதனால்தான் எழுகின்றது.

இன்னொன்று. பிரபல்யமான நிறுவனம் எல்லா நாட்டிலும் ஒரே சேவையை அளிப்பதில்லை. இலங்கையில் தொடங்கிய பேபால் கணக்கினால் பல ஆண்டுகளாகப் பணம் செலுத்த முடிந்ததே தவிர, பெற முடியவில்லை. எனவே உள்ளூர் வங்கிக் கணக்கிற்குப் பணம் வருமா என்பதே முதல் வினா. கனடாவிலுள்ளோர் கட்டளையிடக்கூடுமாயின், வெளிநாட்டு அட்டைக்குக் கூடுதல் தரகு உண்டா எனவும் கேட்க வேண்டும். 2013 ஆம் ஆண்டின் ஒழுங்குவிதிகளின்படி அட்டைக் கொடுப்பனவுகளை ஏற்பதற்கு இலங்கை மத்திய வங்கியின் அனுமதிப்பத்திரம் அவசியம்; சேவை நிறுவனம் அவ்வாறான வங்கியுடன் இணைந்துள்ளதா எனப் பார்க்க.

பணம் வரும் காலம்

சிறு வியாபாரிக்கு இதுவே மிக முக்கியமானது என்பது எமது கருத்து. நாளொன்றுக்கு விற்பனை சராசரி ரூபா 3,000. பணம் 7 நாட்களின் பின் வருமாயின் எந்நாளும் ரூபா 21,000 வெளியே நிற்கும். 2 நாட்களில் வருமாயின் ரூபா 6,000 மட்டுமே. பனங்கட்டி காய்ச்சுவோர் காசு கொடுத்தாற்றான் சரக்குத் தருவர். பருவகாலத்தில் அந்த ரூபா 15,000 கையில் இல்லாவிடின் கட்டளைகள் இருந்தும் விற்கப் பொருள் இராது. இது தொழிற்படு மூலதனப் பிரச்சினையாகும். திடீரென விற்பனை கூடினால் மோசடியோ எனச் சந்தேகித்துச் சில நிறுவனங்கள் பணத்தின் ஒரு பகுதியைத் தடுத்துவைப்பதும் உண்டு. ஒப்பந்தத்தில் அந்த வாசகத்தைத் தேடிப் படிக்க வேண்டும்.

பொருள் கிடைக்கவில்லை என வாடிக்கையாளர் தம் வங்கியிடம் முறையிட்டால், கொடுத்த பணம் வியாபாரியிடமிருந்து மீள எடுக்கப்படும். பெரும்பாலும் தனிக் கட்டணமும் சேரும். பெரும்பாலான முறைப்பாடுகளுக்கு 120 நாட்கள் வரை அவகாசம் உண்டு. அட்டையை நேரிற் காணாத விற்பனையில் நிரூபிக்கும் பொறுப்பு வியாபாரியுடையது. பதிவுத் தபாற் பற்றுச்சீட்டு இங்கு சான்றாகும். தொலைபேசிக்கு வரும் ஒருமுறைக் கடவுச்சொல்லைக் கேட்கும் சேவையாயின், திருட்டு அட்டையால் வரும் நட்டம் பொதுவாக அட்டை வழங்கிய வங்கியைச் சாரும். பொதி சேராத முறைப்பாட்டுக்கு அது உதவாது. தொலைபேசியில் அட்டை இலக்கத்தைக் கேட்டுக் கொப்பியில் எழுதிவைக்கும் பழக்கம் அறவே கூடாது. அட்டையின் 3 அல்லது 4 இலக்கப் பாதுகாப்பு எண்ணை அனுமதி பெற்ற பின் சேமித்து வைப்பதை அட்டை நிறுவனங்களின் விதிகள் தடைசெய்கின்றன.

கணக்கில் பதிதல்

வங்கிக்கு வந்தது ரூபா 86,850 என்பதால் விற்பனையும் ரூபா 86,850 எனப் பதிவது மாணவர் பலர் விடும் பிழை. சரியான பதிவு:

வங்கிக் கணக்கு வரவு 86,850
தரகுச் செலவுக் கணக்கு வரவு 3,150
விற்பனைக் கணக்கு செலவு 90,000

நிதியாண்டு இறுதியில் இன்னும் வந்துசேராத தொகை இருப்பின், அது சேவை நிறுவனத்திடமிருந்து பெறவேண்டியதாக நடைமுறைச் சொத்துகளின் கீழ்க் காட்டப்படும்.

பயிற்சி: கைத்தறிச் சேலைகளைத் தபாலில் விற்கும் ஒருவருக்கு மாதம் 40 கட்டளைகள் கிடைக்கின்றன, ஒவ்வொன்றும் ரூபா 5,000. மேற்கூறிய ‘அ’ நிறுவனம் 7 நாட்களிலும் ‘ஆ’ நிறுவனம் 2 நாட்களிலும் பணம் தருகின்றன. இரண்டின் மாதக் கிரயத்தையும் கணித்து, அவர் எதனைத் தெரிவுசெய்ய வேண்டும் எனக் காரணத்துடன் எழுதுக.