வேர்டு வளைக்கும் மேற்கோள் குறிகள்

விசைப்பலகையில் இருப்பது நேராக நிற்கும் மேற்கோள் குறி. மைக்ரோசாஃப்ட் வேர்டில் அதைத் தட்டினால் விழுவது வளைந்த குறி. அச்சில் தொடக்கக் குறியும் (“) முடிவுக் குறியும் (”) வேறுவேறு வடிவம். தட்டச்சுப் பொறியில் விசைக்குப் பஞ்சம் என்பதால் இரண்டுக்கும் சேர்த்து ஒரே நேர்க்குறியை வைத்தார்கள். 1963-இல் வந்த ஆஸ்கி குறியீட்டு முறையில் இருந்தவை மொத்தமே 128 இடங்கள். அதுவும் அதே சிக்கனத்தைக் கடைப்பிடித்தது. அச்சின் அழகை மீட்டுத் தரும் வேலையைப் பின்னாளில் சொற்செயலிகள் தாமாகவே எடுத்துக்கொண்டன. 1993-இல் வெளிவந்த வேர்டு 6 பதிப்பில் ஆட்டோகரெக்ட் என்ற பெயரும் சேர்ந்தது.

எது தொடக்கம், எது முடிவு என்று வேர்டு எப்படிக் கண்டுபிடிக்கிறது? வாக்கியத்தை அது படிப்பதில்லை. குறிக்கு முன்னால் என்ன இருக்கிறது என்று மட்டும் பார்க்கிறது. வரியின் ஆரம்பமோ, இடைவெளியோ, திறந்த அடைப்புக்குறியோ இருந்தால் தொடக்கக் குறி. எழுத்தோ எண்ணோ முற்றுப்புள்ளியோ இருந்தால் முடிவுக் குறி. பத்தில் ஒன்பது இடங்களுக்கு இந்தக் குருட்டு விதியே போதும். மிச்சத்தில்தான் வேடிக்கை.

பழைய மாணவர் சந்திப்புக்குக் கட்டும் பேனர்களைக் கவனித்தால் தெரியும். 1995 என்பதில் நூற்றாண்டை விட்டுவிட்டு எழுதும்போது, விட்ட இடத்தைக் காட்ட முன்னால் ஒற்றைக் குறி இட வேண்டும். அது மேற்கோள் அல்ல, எழுத்து விடுபட்டதைச் சொல்லும் குறி. ஆகவே 9 போல வளைந்த முடிவு வடிவமே சரி: ’95 பேட்ச். ஆனால் குறிக்கு முன்னால் இருப்பது இடைவெளி. விதிப்படி 6 போல வளைந்த தொடக்கக் குறியை வேர்டு வைக்கிறது: ‘95 பேட்ச். பத்தடி அகலத்துக்குப் பெரிதாக்கி அடிக்கும்போது அந்தக் குறி தலைகீழாகத் தொங்குவது தெருமுனையிலிருந்தே தெரியும். பேனர் அடித்தவரைக் குறை சொல்லிப் பயனில்லை. கையில் வந்த கோப்பை அவர் அப்படியே அடிக்கிறார். கோப்பைக் கொடுத்தவர்கள் பெயர்களின் வரிசையை நாலு முறை சரிபார்த்திருப்பார்கள், இந்தக் குறியை ஒரு முறையும் பார்த்திருக்க மாட்டார்கள்.

திருத்துவது எளிது. குறியை இரண்டு முறை தட்டினால் முதலாவது தொடக்கமாகவும் இரண்டாவது முடிவாகவும் விழும், முதலாவதை அழித்துவிடலாம். விண்டோஸில் கன்ட்ரோலோடு ஒற்றைக் குறியைத் தட்டி, கையை எடுத்து மறுபடி ஒற்றைக் குறியைத் தட்டினால் நேரடியாக ’ வந்துவிடும். எண் விசைகள் தனியாக உள்ள பலகையில் ஆல்ட் விசையை அழுத்திக்கொண்டு 0146 அடித்தாலும் அதுவே.

கதை எழுதுபவர்களுக்கு வேறொரு தொல்லை. பேச்சு பாதியில் அறுபடும் இடத்தில் நீள் கோடு போட்டு மேற்கோளை மூடினால், கோட்டுக்குப் பின் புதிதாக ஏதோ தொடங்குகிறது என்று எண்ணி வேர்டு தொடக்கக் குறியைப் போட்டுவிடுகிறது. கோட்டுக்குப் பின் ஏதாவது ஓர் எழுத்தைத் தட்டி, மேற்கோளை மூடி, பிறகு அந்த எழுத்தை அழித்தால் குறி சரியாக நிற்கும்.

வேர்டு தானாக மாற்றுவது மேற்கோள் குறிகளை மட்டுமல்ல. வரியில் மூன்று ஹைபன் இட்டு என்டர் தட்டினால் பக்கத்தின் அகலத்துக்கு ஒரு கோடு விழும். டெலீட்டை எவ்வளவு அழுத்தினாலும் அது போகாது. ஏனெனில் அது எழுத்தே அல்ல, பத்தியின் கரை. மேலே உள்ள பத்தியில் கர்சரை வைத்து, பார்டர்ஸ் பட்டியலில் ‘நோ பார்டர்’ கொடுக்க வேண்டும். ஒப்பந்தப் பத்திரங்களில் (அ), (ஆ) என்பதுபோல ஆங்கில எழுத்துகளை அடைப்புக்குள் வரிசையிடும்போது மூன்றாவது பிரிவு © ஆகிவிடுவதும் இந்த இனம்தான்.

இப்படி எது மாறினாலும் உடனே கன்ட்ரோல்–இசட் தட்டினால் தட்டியது நிற்கும், மாற்றம் மட்டும் நீங்கும். நிரந்தரமாக நிறுத்த ஃபைல், ஆப்ஷன்ஸ், ப்ரூஃபிங், ஆட்டோகரெக்ட் ஆப்ஷன்ஸ் என்று போக வேண்டும். © போன்ற மாற்றுச்சொற்கள் ‘ஆட்டோகரெக்ட்’ தாவலில். மேற்கோளும் கோடும் ‘ஆட்டோஃபார்மட் அஸ் யூ டைப்’ தாவலில். முதல் தாவலில் தேடித் தேடி அலுத்தவர்கள் மொத்தத்தையும் அணைத்துவிடுவது மூட்டைப்பூச்சிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்தும் வேலை. தொல்லை தரும் ஒரு கட்டத்தில் மட்டும் டிக்கை எடுத்தால் போதும்.

டிக்கை எடுப்பது இனி தட்டுவதற்குத்தான் பொருந்தும். ஏற்கெனவே உள்ள குறிகள் அப்படியே இருக்கும். அவற்றை மாற்ற ‘ரீப்ளேஸ்’ பெட்டியில் இரண்டு கட்டங்களிலும் ஒரே நேர்க்குறியை இட்டு ‘ரீப்ளேஸ் ஆல்’ கொடுக்கலாம். அமைப்பு அணைந்திருந்தால் எல்லாம் நேராகும், இயங்கிக்கொண்டிருந்தால் எல்லாம் வளையும். பல பேர் கைபட்டு இரண்டு வகையும் கலந்து கிடக்கும் மலர்க் கோப்புகளுக்கு இதைவிட நல்ல மருந்து இல்லை. ஆனால் ’95 போன்றவை இதிலும் தலைகீழாகும். கடைசியில் கண்ணால் ஒரு முறை பார்த்தே தீர வேண்டும்.

வளைந்த குறியே ஆகாத இடங்களும் உண்டு. கணினி நிரல்களில் நேர்க்குறிக்குத்தான் பொருள்; வேர்டிலிருந்து வெட்டி ஒட்டிய வரி பிழை காட்டுவதற்குப் பெரும்பாலும் இதுவே காரணம். இன்னொரு கோளாறு: ’ என்ற ஒரு குறி யுடிஎஃப்-8 முறையில் மூன்று பைட்டுகளாகச் சேமிக்கப்படுகிறது. அதைப் பழைய விண்டோஸ் குறியீடாகப் படிக்கும் மென்பொருள், தொப்பி வைத்த ஓர் ஆங்கில எழுத்து, யூரோ அடையாளம், டிரேட்மார்க் அடையாளம் என்று மூன்றைக் காட்டும்.

யூனிகோடுக்கு முந்தைய பாமினி எழுத்துருவில் தட்டியவர்கள் பட்ட பாடு தனி. அதில் அரைப்புள்ளி விசைதான் மெய்யெழுத்தின் புள்ளி; காற்புள்ளி விசை ‘இ’. வேர்டுக்கோ அது ஆங்கிலம். வாக்கியத்தின் முதல் எழுத்தைப் பெரிய எழுத்தாக்கும் அமைப்பு இயங்கினால், ‘த’ இருக்கும் ஜே விசை பெரிய எழுத்தாகி ‘து’ ஆகும். ‘தமிழ்’ என்று தொடங்கிய வாக்கியம் ‘துமிழ்’ என்று நிற்கும். பாமினியில் இன்னும் வேலை செய்பவர்கள் ‘கேப்பிடலைஸ் ஃபர்ஸ்ட் லெட்டர் ஆஃப் சென்டென்சஸ்’ என்ற கட்டத்தில் டிக்கை எடுத்துவிட்டுத்தான் தட்டத் தொடங்க வேண்டும்.

லிப்ரே ஆஃபீஸில் மேற்கோளுக்கான அமைப்பு, டூல்ஸ் பட்டியலில் ஆட்டோகரெக்ட் ஆப்ஷன்ஸுக்குள் ‘லோக்கலைஸ்டு ஆப்ஷன்ஸ்’ தாவலில் இருக்கிறது. கூகுள் டாக்ஸில் டூல்ஸ், ப்ரிஃபரன்சஸ் என்று போய் ‘யூஸ் ஸ்மார்ட் கோட்ஸ்’ கட்டத்தில் டிக்கை எடுக்கலாம்.