மார்கழியில் அந்தமான்: கேமரா பையில் என்ன இருக்கணும்?

எங்க பக்கத்து ஊர் கூமாபட்டி 2025-ல் ரீல்ஸ் புண்ணியத்தில் ‘ஐலேண்டு’ ஆகிவிட்டது. அங்கே படம் எடுக்க ஒரு கேமராவும் தண்ணி பாட்டிலும் போதும். நிஜத் தீவுக்குப் போவது வேறு விஷயம்.

வ. புதுப்பட்டியில் கல்யாண வீடுகளுக்குப் படம் எடுக்கும் தம்பி ஒருவன், மார்கழியில் முகூர்த்தம் இல்லை என்பதால் அந்தமான் கிளம்புகிறான். கேமராவுக்கு இன்னும் தவணை பாக்கி. தை பிறந்தால் அதே கேமராதான் சோறு போடணும். “அண்ணே, எந்த லென்ஸ எடுத்துட்டுப் போகட்டும்?” என்று கேட்டான். லென்ஸ் கிடக்கட்டும், முதல்ல ஈரத்துக்கு வழி பாரு என்றேன்.

நம்ம ஊர் மலையடிவாரம் என்றாலும் மழை மறைவுப் பக்கம். பீரோவில் சும்மா வைத்த லென்ஸ்கூட வருஷக்கணக்கில் தாங்கும். அந்தமானில் இரண்டு பருவமழையும் பெய்து ஆண்டுக்குச் சுமார் 3,000 மி.மீ. கொட்டுகிறது. காற்றில் எப்போதும் ஈரம். ஈரப்பதம் 70 சதவீதத்துக்கு மேல் நீடித்தால் லென்ஸுக்குள் பூஞ்சை பிடிக்கும்; முற்றினால் கண்ணாடியின் மேல்பூச்சையே அரித்துவிடும். அப்புறம் துடைத்தாலும் தடம் போகாது.

அதைவிடச் சீக்கிரம் வேலையைக் காட்டுவது ஏ.சி. அறை. வெளியே 29 டிகிரி வெப்பம், 80 சதவீத ஈரப்பதம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்தக் காற்று 25 டிகிரிக்குக் குளிர்ந்தாலே நீராகிவிடும். 22 டிகிரி அறையில் ராத்திரி முழுக்க இருந்த கேமராவை வெளியே எடுத்தால், மோர் டம்ளர் வேர்க்கிற மாதிரி லென்ஸ் வேர்க்கும். இதற்கு மருந்து பத்து ரூபாய் சமாச்சாரம்: பெரிய ஜிப் கவர். அறைக்குள்ளேயே கேமராவைக் கவரில் போட்டு மூடி, வெளியே வந்து அரை மணி நேரம் கழித்துத் திறக்கணும். வேர்வை கவரின் வெளிப்பக்கத்தோடு நின்றுவிடும்.

அடுத்தது சிலிக்கா ஜெல், கால் கிலோ. ரப்பர் வளையம் வைத்த மூடியுள்ள பிளாஸ்டிக் டப்பா ஒன்று. ராத்திரி கேமரா அதற்குள்தான் தூங்கணும். ஆரஞ்சு நிற ஜெல் ஈரம் குடித்ததும் பச்சையாகிவிடும், அதனால் பார்த்தாலே தெரியும். ஊருக்கு வந்ததும் பழைய இரும்புச் சட்டியில் இளஞ்சூட்டில் வறுத்தால் மறுபடி ஆரஞ்சு. (சமையலுக்கு அந்தச் சட்டி இனி வேண்டாம்.) அரிசிக்குள் புதைக்கிற வைத்தியம் வேண்டாம்; தவிட்டுத் தூசிதான் உள்ளே போகும்.

கடற்கரையில் உப்புத்துளி லென்ஸ் மேல் காய்ந்து படிகமாகும். சட்டை நுனியால் துடைத்தால் கீறல்தான். முதலில் ரப்பர் புளோயரால் ஊதி, பிறகு நல்ல தண்ணீரில் லேசாக நனைத்த மெல்லிய துணியால் ஒத்தி எடுக்கணும். டிரைபாடு காலையும் தினமும் குழாயில் காட்டணும்.

டார்ச் அவசியம். கடிகாரம் நம்முடையதுதான், ஆனால் தீவு நமக்குக் கிழக்கே 15 தீர்க்கரேகை தள்ளி இருப்பதால் சூரியன் ஒரு மணி நேரம் முந்தி. டிசம்பரில் மாலை 5 மணி சுமாருக்கே இறங்கிவிடும். ஹேவ்லாக்கின் ராதாநகர் கடற்கரையில் அந்திப்படம் வேண்டுமானால் 4 மணிக்கே போய் நிற்கணும். திரும்புவது இருட்டில்தான்.

உபரி பேட்டரியும் பவர் பேங்கும் விமானத்தில் கைப்பையில்தான் போகணும், செக்-இன் பெட்டியில் கூடாது. 20,000 எம்.ஏ.ஹெச். பவர் பேங்க் 74 வாட் அவர்தான். 100 வரை தனி அனுமதி வேண்டாம்.

லென்ஸ்? அகலக்கோணம் ஒன்று, சாதாரண ஜூம் ஒன்று. கடற்கரைக் காற்றில் லென்ஸ் மாற்றுவதே ஆபத்து, மூன்றாவது எதற்கு? தம்பிக்கு டெலி லென்ஸ் ஆசை. பாராடாங் போகிற சாலை ஜாரவா பழங்குடியினரின் காட்டு வழியாகப் போகிறது. அங்கே அவர்களைப் படம் எடுப்பது சிறைத் தண்டனைக்குரிய குற்றம். 1956-லிருந்தே அவர்களைக் காக்கத் தனிச் சட்டவிதி இருக்கிறது. தண்டனையை விடுங்கள். கேட்காமல் நம் வீட்டு வாசலில் நின்று ஒருத்தன் லென்ஸை நீட்டினால் நமக்கு எப்படி இருக்கும்? ஜிர்காடாங் சோதனைச்சாவடி வரும் முன்னே கேமரா பைக்குள் போய்விடணும், செல்போனும்தான். “அப்ப டெலி வேணாம்ணே” என்றான்.

திரும்பி வரும்போது பையில் பவளத்துண்டு எதுவும் இருக்கக்கூடாது, கரையில் செத்துக் கிடந்ததாக இருந்தாலும் சரி. வனவிலங்குச் சட்டத்தில் அதற்கும் பாதுகாப்பு உண்டு.