ஜெராமா, ஜேராமா? – அடிக்குறிப்பின் எழுத்தளவு பற்றிச் சில எண்ணங்கள்

கடந்த தீபாவளி விடுமுறையில் ஜெராமிலுள்ள வீட்டிற்குச் சென்றிருந்தபோது, தமிழ் விக்கிப்பீடியாவில் நான் சேர்த்திருந்த சில வரிகளைத் தாத்தாவிடம் காட்டினேன். பால்மரங்கள் வெட்டப்பட்டுச் செம்பனை நடப்பட்ட காலத்தில் எங்கள் வட்டாரத் தோட்டங்களிலிருந்து குடும்பங்கள் வெளியேறிய செய்தி அது. தாத்தா முப்பது ஆண்டுகள் பால்மரம் சீவியவர். மூக்குக் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, மடிக்கணினித் திரையில் மெதுவாக வாசித்து முடித்தார்.

“எழுதுனது சரிதாம்மா. இத யாரு சொன்னான்னு எங்க போட்டிருக்கே?”

“கீழ மேற்கோள்கள்னு இருக்கு பாருங்க தாத்தா.”

“அது எழுத்தா? எறும்பு ஊர்ற மாதிரியில்ல இருக்கு!”

பக்கத்தைப் பெரிதாக்கிக் கொடுத்தேன். பழைய தமிழ்ப்பள்ளி மலர் ஒன்றைச் சான்றாகக் காட்டியிருந்தேன். தாத்தா அதன் பெயரை வாய்விட்டு வாசித்து, ஊர்ப் பெயரில் வந்து நின்றார். “ஜேராமா? அது எந்த ஊரு?”

என் ஊரின் பெயரையே நான் தவறாகத் தட்டச்சு செய்திருந்தேன். பத்து மாதங்களாக அது அப்படியே கிடந்தது. பலமுறை அந்தப் பக்கத்தைத் திறந்தும் நான் காணவில்லை. கவனக்குறைவு என்னுடையதுதான். ஆயினும், பிழை ஏன் கண்ணில் படவில்லை என்று ஆராய்ந்தபோது, அடிக்குறிப்பின் எழுத்தளவைப் பற்றி இதுவரை சிந்திக்காத சிலவற்றை அறிந்துகொண்டேன். அவற்றை நண்பர்களோடு பகிர்ந்துகொள்ளவே இக்கட்டுரை.

சிறிய எழுத்து எங்கிருந்து வந்தது?

அடிக்குறிப்பைச் சிறிய எழுத்தில் அமைப்பது அச்சுக்கலையின் பழக்கம். தாளுக்கு விலை உண்டு; பக்கத்தின் நீளத்திற்கு எல்லை உண்டு. எனவே உரையைப் பெரிதாகவும் சான்றுகளைச் சிறிதாகவும் அமைத்தனர். நம் இடுபணிகளிலும் உரை 12 புள்ளியும் அடிக்குறிப்பு 10 புள்ளியுமாக அமைவதைப் பார்க்கிறோம். நல்ல தாளில் அச்சான சிறிய எழுத்து கூர்மையாகவே இருக்கும். திரையில் நிலைமை வேறு. இணையப் பக்கத்திற்குத் தாள் செலவும் இல்லை, அடி எல்லையும் இல்லை. காரணம் மறைந்த பின்னும் பழக்கம் மட்டும் தொடர்கிறது.

2003இல் தொடங்கப்பட்ட தமிழ் விக்கிப்பீடியா 2017இல் ஒரு லட்சம் கட்டுரைகளைக் கடந்தது. பலர் கூடி எழுதும் இத்தகைய களஞ்சியத்தில் அடிக்குறிப்புகளைத் திரட்டிக் காட்டும் வேலையை ‘வார்ப்புரு’ எனப்படும் பொது அமைப்பு செய்கிறது. வார்ப்புருவில் ஓர் எண்ணை மாற்றினால், அதைப் பயன்படுத்தும் எல்லாப் பக்கங்களும் மாறும். தமிழ் விக்கிப்பீடியாவின் வார்ப்புருக்கள் பல ஆங்கிலத்திலிருந்து வந்தவை. ஆங்கில வார்ப்புருவில் அடிக்குறிப்பின் அளவு உரையில் 90 விழுக்காடு.

சிறு கணக்கு

விக்கிப்பீடியாவில் 2014 முதல் பல ஆண்டுகள் கணினியில் தோன்றிய உரையின் அளவு 14 பிக்சல். அதில் 90 விழுக்காடு 12.6 பிக்சல். இத்துடன் நின்றால் பெரும் குறையில்லை. ஆனால் சிலர் அடிக்குறிப்புக்குள் மேலும் ஒரு ‘சிறிய எழுத்து’ கட்டளையை இடுகின்றனர். அக்கட்டளை 85 விழுக்காட்டுக்குக் குறைக்கிறது. குறைத்ததையே மீண்டும் குறைப்பதால் 10.7 பிக்சல் ஆகிறது. இது ஏறத்தாழ 8 புள்ளி எழுத்துக்குச் சமம்.

ஆங்கில விக்கிப்பீடியாவின் நடை வழிகாட்டி இந்தச் சிக்கலை உணர்ந்தே, எந்த எழுத்தும் பக்கத்தின் இயல்பான அளவில் 85 விழுக்காட்டுக்குக் கீழே இறங்கக்கூடாது என்கிறது. ஏற்கெனவே சிறுத்துள்ள மேற்கோள் பகுதியில் மேலும் சிறுக்கச் செய்வதைத் தவிர்க்கவும் சொல்கிறது. ஆயினும் அந்த எல்லை உரோமன் எழுத்தை மனத்தில் வைத்து வகுக்கப்பட்டது. தமிழுக்கு அதே எல்லை போதுமா?

தமிழ் எழுத்தில் என்ன நேர்கிறது?

தமிழ்ப்பள்ளியில் முதலாம் ஆண்டு படித்தபோது, ‘இரண்டுசுழி ன, மூன்றுசுழி ண’ என்று ஆசிரியர் கரும்பலகையில் பெரிதாக எழுதிக் காட்டியது நினைவிருக்கும். நம் எழுத்தின் வேறுபாடுகள் பெரும்பாலும் சுழியிலும் புள்ளியிலும்தான் உள்ளன. ‘கொடி’யையும் ‘கோடி’யையும் பிரிப்பது கொம்பின் மேலுள்ள ஒரு சுழி. ‘கி’யையும் ‘கீ’யையும் பிரிப்பதும் ஒரு சுழியே. புள்ளி மறைந்தால் மெய் உயிர்மெய்யாகிவிடும். மேலே புள்ளியும் விசிறியும், கீழே ‘கு’, ‘டு’ ஆகியவற்றின் வளைவும் இடம்பெற வேண்டியிருப்பதால் நடு உடலுக்குக் கிடைக்கும் இடமும் குறைகிறது. பத்துப் பிக்சல் எழுத்தில், பொருளை மாற்றும் அந்தச் சுழிக்கு ஓரிரு பிக்சலே மிஞ்சும்.

புதிய கைப்பேசிகளின் திரை நுண்மையானது. ஆகவே எழுத்து உடையாமல் தெரிகிறது. ஆனால் கூர்மை கூடியதே தவிர அளவு கூடவில்லை. அறுபதைக் கடந்த கண்ணுக்கு அது போதாது. நம் நாட்டவரான முத்து நெடுமாறன் உருவாக்கிய இணைமதி போன்ற எழுத்துருக்களில் ஒவ்வொரு வளைவும் கவனமாக வரையப்பட்டுள்ளது. அந்த உழைப்பை ஒரு விழுக்காட்டு எண் வீணாக்கிவிடுகிறது.

ஊகிக்க முடியாத இடம்

ஓலைச்சுவடிகளில் பெரும்பாலும் புள்ளி இடுவதில்லை; எகர ஏகார வேறுபாடும் தெளிவாக இராது. இன்று நாம் எழுதும் வடிவில் அந்த வேறுபாட்டை நிலைநிறுத்தியவர் 18ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த வீரமாமுனிவர் என்பர். அதற்கு முன்னும் நம் முன்னோர் வாசிக்கத்தான் செய்தனர். எப்படி? இடமறிந்து பொருள் கொண்டனர். ‘அவன் கோடி பிடித்தான்’ என்று இருந்தாலும் அது ‘கொடி’தான் என்று நாமும் ஊகித்துவிடுவோம்.

அடிக்குறிப்பில் இந்த வழி அடைபட்டுவிடுகிறது. அங்கு இருப்பவை ஆள் பெயர், ஊர்ப் பெயர், நூற்பெயர், ஆண்டு, பக்க எண். ஒன்றைக் கொண்டு மற்றொன்றை ஊகிக்க முடியாது. நமது வட்டாரத்திலிருந்தே ஒரு சான்று: மலேசியாவின் முதல் வாணிபச் செம்பனைத் தோட்டம் 1917இல் கோலசிலாங்கூர் மாவட்டத்தின் தென்னமரம் தோட்டத்தில் உருவானது. அமைத்தவர் ஆன்றி ஃபோக்கோனியே என்ற பிரெஞ்சுக்காரர். அருகிலுள்ள ஊர் பத்தாங் பெர்ஜுந்தை; பின்னர் பெஸ்தாரி ஜெயா எனப் பெயர் மாறியது. இப்பெயர்களில் எது ஒற்றைக் கொம்பு, எது இரட்டைக் கொம்பு என்பதை எழுத்தைப் பார்த்துத்தான் அறிய முடியும். ஆக, மிகத் தெளிவாக இருக்க வேண்டிய பகுதியைத்தான் நாம் மிகச் சிறிதாக அமைக்கிறோம்.

பலர் கூடி எழுதும் பக்கத்தில் எழுதியவர் யாரென்று வாசகருக்குத் தெரியாது. நம்பிக்கைக்கு ஆதாரம் அடிக்குறிப்பு ஒன்றே. தோட்ட மக்களின் வரலாற்றுக்கு நூல்கள் குறைவு. பள்ளி மலர், கோயில் திருவிழா மலர் போன்றவையே பல வேளைகளில் சான்று. அந்தச் சான்றைத் தேடிப் போகிறவர் ‘ஜேராம்’ என்று தேடினால் எதைக் கண்டடைவார்?

நாம் செய்யக்கூடியவை

‘பெரிதாக்கினால் பக்கம் நீளுமே’ என்பது நியாயமான கேள்வி. நூறு சான்றுகள் உள்ள கட்டுரை நீளத்தான் செய்யும். அகலமான திரையில் பட்டியலை இரண்டு பத்திகளாகப் பிரித்தால் நீளம் குறையும். எழுத்தைக் குறைக்கத் தேவையில்லை.

விக்கியில் எழுதும் மாணவர்கள் அடிக்குறிப்புக்குள் ‘சிறிய எழுத்து’ கட்டளை இடுவதைத் தவிர்க்கலாம். வார்ப்புருவின் பேச்சுப் பக்கத்தில், தமிழுக்கு 100 விழுக்காடே வேண்டும் என்ற கருத்தைக் காரணத்தோடு முன்வைக்கலாம். வாசிப்பவர்கள் கன்ட்ரோல் விசையுடன் கூட்டல் குறியை அழுத்திப் பக்கத்தைப் பெரிதாக்கலாம். ஃபயர்ஃபாக்ஸ் உலாவியின் எழுத்துரு அமைப்பில் தமிழுக்கென்று தனியாகக் குறைந்தபட்ச அளவை நிர்ணயிக்கும் வசதியும் உண்டு. 2008இல் வெளிவந்த இணைய அணுகல் நெறிகள், எழுத்தை 200 விழுக்காடு வரை பெரிதாக்கினாலும் பக்கம் பயன்படத்தக்கதாக இருக்க வேண்டும் என்கின்றன. நாமும் அதே 200 விழுக்காட்டில் அடிக்குறிப்பை ஒருமுறை வாசித்துப் பிழை பார்த்த பின்னரே பதிவேற்றுவோமே!

அன்றே அந்தக் கொம்பைத் திருத்திவிட்டேன். இப்போதெல்லாம் விடுமுறைக்குப் போனால், புதிதாக எழுதியதைப் பெரிதாக்கித் தாத்தாவிடம் கொடுத்துவிடுகிறேன். அவர் கட்டுரையை விட்டுவிட்டு, நேராகக் கீழே போய்த்தான் வாசிக்கத் தொடங்குகிறார்.