புயல் கடலோரத்துக்கு மட்டுமா?

கெலவரப்பள்ளிக்கும் கடலுக்கும் வெகுதூரம். புயலால் நமக்கென்ன என்று இருந்துவிடாதீர்கள். 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் கரையைக் கடந்தது புதுச்சேரி அருகே. ஆனால், டிசம்பர் 2 காலையுடன் முடிந்த 24 மணி நேரத்தில் நம் மாவட்டத்து ஊத்தங்கரையில் கொட்டிய மழை 50 செ.மீ. சாலையோரம் நின்ற பேருந்துகளையே வெள்ளம் இழுத்துச் சென்றது.

ஓசூர் பக்கம் இன்னொரு சங்கதியும் உண்டு. தென்பெண்ணை நந்திமலையில் பிறந்து, பெங்களூருவின் கழிவையும் சுமந்துகொண்டு நம் அணைக்கு வருகிறது. இங்கே தூறல்கூட விழாமல் அங்கே அடைமழை பெய்தாலும் மதகைத் திறப்பார்கள். எனவே வானிலைச் செய்தியில் பெங்களூருவையும் சேர்த்துப் பாருங்கள். ஆற்றோர மோட்டாரை, மின் இணைப்பைத் துண்டித்துவிட்டு, மேட்டுக்கு ஏற்றுங்கள். மாடுகளைக் கரையோரம் கட்ட வேண்டாம். நுரை பொங்கிவரும் அந்தத் தண்ணீர் தோட்டத்துக்குள் ஏறாதபடி வரப்பை உயர்த்துங்கள்.

பசுமைக்குடிலில் ரோஜா, குடைமிளகாய் வைத்திருப்போர் பாலித்தீன் கிழிசலை இன்றே ஒட்டுங்கள். பக்கத் திரைகளை மூடி இறுகக் கட்டுங்கள். உள்ளே புகும் காற்றுதான் கூரையைத் தூக்கும். விலை குறைவென்றாலும் பழுத்த தக்காளியைப் பறித்துவிடுங்கள், வடிகாலைத் தூர்வாருங்கள். மருந்தும் உரமும் மழை வெறித்த பிறகு போதும்.

சேதமானால், ஒதுக்கிச் சுத்தம் செய்யும் முன்பே படம் எடுத்து, கிராம நிர்வாக அலுவலரிடமும் தோட்டக்கலை அலுவலகத்திலும் தெரிவியுங்கள்.